டயரைத் தெரிவுசெய்ய முதல் வழியை எண்ணுங்கோ

டேர்ட் பைக் ஒண்டு கைக்கு வந்தவுடன எங்கட வயசுக்காரர் செய்யிற முதல் வேலை டயரை மாத்திறது. ஏற்கெனவே கிடந்த டயரைக் கழட்டி, கட்டை கட்டையா ரப்பர் நீட்டிக்கொண்டு நிக்கிற டயரைப் போட்டு, குளக்கட்டில நிப்பாட்டி ஒரு படம். என்ன டயர் எண்டு கேட்டால் பேரைச் சொல்லுவினம். ஏன் அந்த டயர் எண்டு கேட்டால் 'பாக்கக் கெத்தா இருக்கு மச்சான்' எண்டதுக்கு மேல மறுமொழி வராது.

எங்கட கருத்தை முதலே சொல்லிவிடுறம். வன்னியில ஓடுற பெரும்பாலான பைக்குகளுக்கு அந்த முழுக்கட்டை டயர் பொருத்தமில்லை. காசு வீண் எண்டது சின்ன விசயம். மழை நாளில ஏ9இல பஸ்ஸுக்குப் பின்னால பிறேக் பிடிக்கேக்க ஆளை விழுத்திறதும் அதுதான். அதேநேரம், 'கொம்பனி போட்ட டயரே காணும், மாத்திறது எல்லாம் ஷோ' எண்டு சொல்லுற பெரியாக்களோடயும் எங்களுக்கு உடன்பாடில்லை. மண்ணில ஓடுறவனுக்கு டயர் முக்கியம், எஞ்சினைவிட முக்கியம். தெரிவுசெய்யிற முறையிலதான் பிழை இருக்கு.

எங்களுக்கு ஓஃப் ரோட் விளையாட்டில்லை

இந்த டயர்களைப் பற்றி யூடியூப்பில பேசுறவை பெரும்பாலும் அமெரிக்காவிலயோ அவுஸ்திரேலியாவிலயோ இருக்கினம். அவைக்கு மண் பாதை எண்டது சனி, ஞாயிறு போய் விளையாடுற இடம். எங்களுக்கு அது வயலுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற வழி. யுத்த காலத்தில பெற்றோல் தடையா இருந்தபோது எங்கட அப்பாமார், மாமாமார் ஹொண்டா எம்டி 90 போன்ற சைக்கிள்களைக் கொஞ்சம் பெற்றோலில ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில ஓடினவை. சேத்திலும் மணலிலும் ஓடின அந்தச் சைக்கிளுகளில கிடந்தது ஒடுக்கமான, சாதாரண டயர். 'ஓஃப் ரோட்' எண்ட சொல்லை அவை கேள்விப்பட்டிருக்கவே மாட்டினம். ஆனால் இந்த மண்ணில எங்களைவிடக் கனக்க ஓடினது அவைதான்.

இப்ப ஏ9 வழுவழுப்பாக் கிடக்கு. மாங்குளத்தில இருந்து முல்லைத்தீவுக்கும், பரந்தனில இருந்து முல்லைத்தீவுக்கும், வவுனியாவில இருந்து மன்னாருக்கும் தார் றோட்டு இருக்கு. மண் மிச்சமிருக்கிறது உள்பாதைகளில: குடியேற்றக் கிராமங்களுக்குள்ள போற கிறவல் றோட்டு, வாய்க்கால் ஓரம், வயல் வழி, கடற்கரை வாடிக்குப் போற மணல். அதாவது எங்கட ஒரு நாள் ஓட்டம் முழு மண்ணும் இல்லை, முழுத் தாரும் இல்லை. ரெண்டும் கலந்தது. டயர் பற்றின எந்தக் கதையும் இதிலதான் தொடங்கவேணும்.

மோட்டோகுறொஸ் ஓடுற ஆக்களோட ஒப்பிட்டுப் பாருங்கோ. அநுராதபுரம் சாலியபுரவில கஜபா சுப்பர்குறொஸ் நடக்கிறது, தியத்தலாவையில பொக்ஸ்ஹில் நடந்திருக்கு. எங்கட பக்கத்தில இருந்தும் பொடியங்கள் பாக்கப் போறவை. அங்க ஓடுற பைக் வாகனத்தில ஏறி வருது, சில சுற்று ஓடுது, திரும்ப வாகனத்தில ஏறிப் போகுது. தார் றோட்டை அந்த டயர் காணிறதே இல்லை. அந்த வகை டயர் பலதின்ர பக்கத்தில 'நெடுஞ்சாலைப் பாவனைக்கு அல்ல' எண்டு ஆங்கிலத்தில அச்சடிச்சே இருக்கும், சிலதில என்எச்எஸ் எண்டு மூண்டு எழுத்து மட்டும் இருக்கும். செய்தவனே வேண்டாம் எண்டு எழுதின டயரில நாங்கள் தங்கச்சியைப் பின்னுக்கு ஏத்திக்கொண்டு ரியூசனுக்குப் போறம்.

ஒரு கிழமை எழுதிப் பாருங்கோ

டயர்க் கடைக்குப் போக முதல் ஒரு வேலை செய்யுங்கோ. ஒரு கிழமைக்கு, தாரில இருந்து மண்ணுக்கு இறங்கேக்கயும், மண்ணில இருந்து தாருக்கு ஏறேக்கயும் மீற்றரில எத்தினை கிலோமீற்றர் எண்டு பாத்து ஃபோனில குறிச்சு வையுங்கோ. கிழமை முடிய ரெண்டையும் கூட்டுங்கோ. தாரில எத்தினை, மண்ணில எத்தினை எண்டு வரும்.

இந்தக் கணக்கைச் செய்தால் பலருக்கு ஆச்சரியம் வரும். 'நான் முழுக்க மண்ணிலதான் ஓடுறன்' எண்டு சொல்லுறவருக்கும் தார்ப் பக்கம்தான் கூடி நிக்கும். வவுனியா டவுனில இருந்து புளியங்குளம், அங்க இருந்து கிழக்கால திரும்பி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான், முல்லைத்தீவு எண்டு ஒரு நாள் ரைட் போய் வந்தால், ஞாபகத்தில நிக்கிறது நாயாற்று மணல். மீற்றரில நிக்கிறது தார். கஷ்டப்பட்டு ஓடின தூரம் எங்களுக்கு நீளமாத் தெரியும். சுகமா ஓடின தூரம் மறந்துபோகும். டயர் ரெண்டிலயும் தேயும்.

டயர் செய்யிறவையும் தங்கட டயரை இப்பிடித்தான் பிரிக்கினம்: 80க்கு 20, 50க்கு 50, 20க்கு 80. முதல் எண் தார், ரெண்டாவது மண். 80க்கு 20 டயரில கட்டைகள் பெரிசா, நெருக்கமா, கிட்டத்தட்டச் சாதாரண டயர் மாதிரி இருக்கும். 20க்கு 80 எண்டால் கட்டைகள் உயரமா, இடைவெளி விட்டு நிக்கும். 50க்கு 50 நடுவில. உங்கட கிழமைக் கணக்கு எந்த எண்ணுக்குக் கிட்ட வருதோ, அந்த வகையில தேடத் தொடங்குங்கோ. வன்னியில வேலைக்கும் வயலுக்கும் ஊர் சுத்தவும் ஒரே பைக்கை வைச்சிருக்கிற ஒருத்தருக்குப் பெரும்பாலும் 50க்கு 50 அல்லது அதைவிடக் கொஞ்சம் தார்ப் பக்கம் சாஞ்ச டயர்தான் சரி எண்டு நாங்கள் நினைக்கிறம்.

ஏன் முழுக்கட்டை தாரில ஆபத்து? சாதாரண டயர் றோட்டில ஒரு உள்ளங்கை அளவுக்குப் படியும். கட்டை டயரில அந்த உள்ளங்கைக்குள்ள சில கட்டைகளின்ர நுனி மட்டும்தான் படும், மிச்சம் வெறும் இடைவெளி. பிறேக் பிடிக்கேக்க, வளைவில சரிக்கேக்க, உயரமான கட்டை ஒவ்வொண்டும் தனித்தனியா வளைஞ்சு கொடுக்கும். காய்ஞ்ச றோட்டில அது ஆட்டமாத் தெரியும். நனைஞ்ச றோட்டில வழுக்கலா மாறும். வெயிலில கொதிக்கிற தாரில ஓட ஓட கட்டையின்ர ஓரம் உருண்டு தேஞ்சு, மண்ணில பிடிக்கவேண்டிய அந்தக் கூர்மையும் போகும். கடைசியில தாருக்கும் உதவாது, மண்ணுக்கும் உதவாது.

எங்கட மண் ஒரே மண் இல்லை

'மண்' எண்ட ஒரு சொல்லுக்குள்ள வன்னியில நாலு விதமான தரை இருக்கு.

முதலாவது கிறவல். கீழ இறுகிக் கிடக்கும், மேல குறுணிக் கல்லு உருளும். கோடையில இதுதான் ஆளை விழுத்தும். இதுக்கு உயரமான கட்டை வேண்டாம். பதிவான, நெருக்கமான, மெல்லிய ரப்பர்க் கட்டைதான் பிடிக்கும். இதில பலருக்குத் தெரியாத ஒரு விசயம் இருக்கு: கடினமான தரைக்கு எண்டு செய்யிற டயரில ரப்பர் மென்மையா இருக்கும், மென்மையான தரைக்கு எண்டு செய்யிற டயரில ரப்பர் கடினமா இருக்கும். காரணம் விளங்கினால் மறக்காது. கடினமான தரைக்குள்ள கட்டை இறங்காது, அதால மேலால ஒட்டிப் பிடிக்கவேணும், அதுக்கு மென்மை வேணும். சேத்துக்குள்ள கட்டை இறங்கிக் கிண்டவேணும், அதுக்கு வளையாத கட்டை வேணும்.

ரெண்டாவது மாரிக் களி. கார்த்திகை, மார்கழியில காலபோக வயல் வழியில போனாக்களுக்குத் தெரியும். மன்னார்ப் பக்கம் முருங்கன் கறுப்புக் களி இன்னும் மோசம். களியில பிரச்சினை கட்டை இல்லாதது இல்லை, கட்டைகளுக்கு இடையில களி அடைஞ்சு டயர் உருண்டையா மாறிறது. இடைவெளி கூடின டயரில சில்லு சுத்தேக்க களி தானா எறிபடும். இங்க அகலமான டயரும் உதவாது. ஒடுக்கமான டயர் மேல் சேத்தை வெட்டிக்கொண்டு கீழ கிடக்கிற இறுகின தரையைத் தேடிப் பிடிக்கும். அந்தக் காலத்து எம்டி 90 சேத்தில போனதுக்கு ஒரு காரணம் இது.

மூண்டாவது கடற்கரை மணல். கொக்கிளாய், நாயாறு, சுண்டிக்குளம் பக்கம். இதுக்கு அகலமும் குறைஞ்ச காத்தும் உதவும், ஏனெண்டால் டயர் தாழாமல் மிதக்கவேணும். நாலாவது காட்டுப்பாதை. வேர், கல்லு, முள்ளு. விடத்தல் முள்ளுக்கும் நெருஞ்சிக்கும் டயரின்ர பேர் தெரியாது. இங்க மேல் டயரைவிட உள்ள கிடக்கிற டியூப்தான் முக்கியம். சாதாரண டியூப்பைவிட மொத்தமான டியூப் கொஞ்சம் பாரம், கொஞ்சம் விலை. ஆனால் காட்டுக்குள்ள பஞ்சராகி, கிட்டடியில கடையும் இல்லாமல் தள்ளிக்கொண்டு வாறதை யோசிச்சால் விலை பெரிசில்லை.

பருவமும் சேத்து யோசியுங்கோ. ஆவணியில கொங்கிறீற் மாதிரிக் கிடக்கிற வயல் வழி, கார்த்திகையில கஞ்சி மாதிரி. ரெண்டு செற் டயர் வைச்சுப் பருவத்துக்கு மாத்திற வசதி எங்கள்ல ஆருக்கு இருக்கு? அதால வருசத்தில கூட நாள் ஓடுற தரைக்கு டயரைப் போட்டு, மிச்ச நாளில ஓட்டத்தை மாத்திறதுதான் கட்டுப்படியாகும். மாரியில மெதுவாப் போறது ஒரு செலவும் இல்லாத டயர்.

டயரின்ர பக்கத்தில எழுதியிருக்கிறதை வாசியுங்கோ

டயர் வாங்கேக்க கட்டையைப் பாக்கிறம், பக்கத்தில எழுதியிருக்கிறதை வாசிக்கிறதில்லை. அதில எல்லாம் இருக்கு.

அளவு முதல். ஹொண்டா எக்ஸ்ஆர் 250, பாஜா மாதிரிப் பைக்குகளில முன்னுக்கு 3.00-21, பின்னுக்கு 4.60-18. கடைசி எண் ரிம்மின்ர விட்டம், அங்குலத்தில. முன்சில்லு 21 அங்குலத்தில பெரிசா இருக்கிறது குழிக்கும் வேருக்கும் மேலால உருண்டு போறதுக்காக. எங்கள்ல பலர் ஓடுற 17, 18 அங்குலச் சில்லுள்ள சாதாரண பைக்கில அந்தப் பெரிய டயரைப் போடேலாது. 'ஒரு சைஸ் கூட்டிப் போடலாம்' எண்டு சொல்லுவினம். ஒடுக்கமான ரிம்மில அகலமான டயரை இழுத்துப் போட்டால் டயர் நடுவில உருண்டு நிக்கும், தரையில படுறது நடுப்பகுதி மட்டும். செயினில, மட்காட்டில உரசும். மட்காட்டுக்கும் டயருக்கும் இடைவெளி இல்லாத பைக்கில களி அடைஞ்சால் சில்லே சுத்தாது. கொம்பனி சொன்ன அளவிலயே, கொஞ்சம் கட்டை கூடின டயரைத் தேடிறது போதும்.

அடுத்தது பாரம். அளவுக்குப் பக்கத்தில 50பி, 63பி எண்டு ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் அந்த டயர் தாங்கிற பாரத்தின்ர குறியீடு: 47 எண்டால் 175 கிலோ, 50 எண்டால் 190 கிலோ, 63 எண்டால் 272 கிலோ. எழுத்து உச்ச வேகம்: எம் 130, பி 150, எஸ் 180 கிலோமீற்றர். எங்களுக்கு வேகத்தைவிடப் பாரம்தான் கவலை. கணக்கைப் பாருங்கோ. பைக் 110 கிலோ, ரெண்டு ஆள் 130 கிலோ, ஒரு மூட்டை நெல்லு 50 கிலோ. மொத்தம் 290. அதில மூண்டில ரெண்டு பங்கு பின்சில்லில எண்டு வைச்சால் 190ஐத் தாண்டிப்போகும். 50 எண்டு போட்ட டயர் எல்லைக்கு வந்திட்டுது. இதே பாரத்தோட காத்தும் குறைவா இருந்தால் டயரின்ர பக்கச்சுவர் மடிஞ்சு மடிஞ்சு சூடாகி வெடிக்கும். நெல்லு மூட்டை ஏத்திற பைக்குக்கு டயர் வாங்கேக்க கட்டைக்கு முதல் இந்த எண்ணைப் பாருங்கோ.

மூண்டாவது வயசு. பக்கத்தில ஒரு நீள்வட்டத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில செய்தது. கட்டை புதுசாத் தெரிஞ்சாலும் ரப்பர் கிழடாகி இறுகியிருக்கும், நகத்தால அமத்தினால் விளங்கும், கட்டைக்கு அடியில மெல்லிய வெடிப்பும் தெரியும். 2020 மார்ச்சில வாகன இறக்குமதி நிப்பாட்டி 2025இல திரும்பத் தொடங்கும்வரைக்கும் பழைய ஜப்பான் டேர்ட் பைக்குகள் கைமாறிக் கைமாறித்தான் ஓடினது. அப்பிடி வாங்கிற பைக்கில கிடக்கிற டயர், பைக்கின்ர கடைசி மூண்டு சொந்தக்காரரையும் கண்டிருக்கும். எஞ்சின் சத்தத்தைக் கேக்க முதல் அந்த நாலு இலக்கத்தை வாசியுங்கோ. வெளிநாட்டு டயர்தான் வேணும் எண்டும் இல்லை. 1876இல ஹெனரத்கொடவில முதல் ரப்பர்க் கண்டு நட்ட நாடு இது. இஞ்ச செய்யிற மோட்டார் சைக்கிள் டயரும் கடையில இருக்கு. பேரைவிட அளவு, பாரம், வயசு மூண்டும் பொருந்தினால் காணும்.

காசு ஒரு டயருக்கு மட்டும்தான் இருக்கு எண்டால்? முன்னுக்குப் போடுங்கோ. பின்டயர் கெதியாத் தேயிறதால எல்லாரும் பின்னுக்குத்தான் மாத்திறவை, முன்னுக்கு மொட்டையா விடுறவை. பின்சில்லு வழுக்கினால் பைக் வாலாட்டும், பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்சில்லு வழுக்கினால் சமாளிக்க நேரமே இல்லை, ஆள் தரையில.

அதிகம் மலிவான மாற்றம் காத்து

இவ்வளவு சொன்ன பிறகு ஒண்டு சொல்லவேணும். நல்ல டயருக்கு பிழையான காத்து அடிச்சால் அது பிழையான டயர். சாதாரண டயருக்குச் சரியான காத்து அடிச்சால் பாதி ஓஃப் ரோட் டயர். பெற்றோல் செட்டில 'கல்லு மாதிரி அடியுங்கோ அண்ணை' எண்டு சொல்லிற பழக்கத்தை விட்டால் சரி.

கொம்பனி சொல்லுற காத்து அளவு செயின் கவரிலயோ சுவிங் ஆமிலயோ ஒட்டியிருக்கும். இந்த வகை டேர்ட் பைக்குகளுக்கு றோட்டில 22 பிஎஸ்ஐ அளவு வரும். நல்ல கிறவலுக்கு அதில இருந்து 3, 4 குறைச்சால் டயர் கல்லுக்கு மேலால தத்தாமல் படிஞ்சு ஓடும். மணலுக்கு 15 வரைக்கும் இறக்கலாம். அதுக்குக் கீழ இறக்கிறதெண்டால் ரிம் லொக் வேணும். அது டயரை ரிம்மோட இறுக்கிப் பிடிக்கிற ஒரு போல்ட். அது இல்லாமல் இறக்கினால் டயர் ரிம்மில வழுக்கிச் சுத்தி, டியூப்பின்ர வாயை அறுத்துக்கொண்டு போகும். காத்தடிக்கிற வாய் நேரா நிக்காமல் சரிஞ்சு நிண்டால் டயர் வழுக்கத் தொடங்கிட்டுது எண்டு அர்த்தம். கல்லுப் பாதையில கனக்க இறக்காதையுங்கோ, ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில டியூப் நசிஞ்சு பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டை விழும். அலோய் ரிம் எண்டால் ரிம்மே வெடிக்கும்.

ஸ்கூட்டரில போற பிள்ளையளையும், உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போற ரீச்சர்மாரையும் மறக்கேல்லை. உண்மையான ஓஃப் ரோட் ஓட்டம் அவையின்ரதான். 10 அங்குலச் சில்லில கிறவல் றோட்டால தினமும் போய்வாறது எந்த டேர்ட் பைக் ஓட்டத்தைவிடவும் கஷ்டம். சின்னச் சில்லு குழிக்குள்ள ஆழமா விழும். அவைக்குக் கட்டை டயர் தேடவேண்டியதில்லை. மொட்டையாக முதல் மாத்திறது, கொம்பனி சொன்ன காத்தைக் கிழமைக்கு ஒருக்கா, சில்லு சூடாக முதல் பாக்கிறது, இந்த ரெண்டும் காணும்.

ஒரு சின்ன காத்து மீற்றரும் கைப்பம்பும் சீற்றுக்குக் கீழ கிடக்கட்டும். மண்ணுக்கு இறங்க முதல் குறையுங்கோ, தாருக்கு ஏற முதல் திரும்ப அடியுங்கோ. குறைஞ்ச காத்தோட ஏ9இல அறுபது, எழுபதில வாறது கட்டை டயரைவிட ஆபத்து. பின்னுக்கு ஆள் இருந்தால் குறைக்கிற கதையே வேண்டாம்.

டயர் போகும், நிலம் விடவேணும்

இதுவரைக்கும் டயர். இனி நிலம். முழுக்கட்டை டயரை நாங்கள் வேண்டாம் எண்டுறதுக்கு இன்னொரு காரணம் இருக்கு. அந்த டயர் ஆளுக்கு ஒரு நினைப்பைக் குடுக்குது: 'நான் எங்கயும் போவன்' எண்டு. வன்னியில அந்த நினைப்பு ஆகாது.

மிதிவெடி அகற்றிற வேலை இந்த மாகாணத்தில இன்னும் முடியேல்லை. இலங்கை 2017 டிசம்பரில ஒட்டாவா உடன்படிக்கையில சேர்ந்தது, முகமாலை மாதிரி இடங்களில வருசக்கணக்கா அங்குலம் அங்குலமாக் கிண்டினவை. அந்த வேலையில எங்கட அக்காமார், அம்மாமார் கனபேர் முழங்காலில இருந்து வெயிலில மண்ணைச் சுரண்டினவை. அவை துப்புரவாக்கித் தந்த பாதையை விட்டு, பத்தைக்குள்ளால 'புது லைன்' போடுறது வீரம் இல்லை. ஆள் போய் வாற தடத்தில மட்டும் ஓடுங்கோ. சிவப்பு மண்டையோட்டு போட் கண்டால் திரும்புங்கோ. மாரி வெள்ளம் பழைய வெடியை இடம் மாத்தும் எண்டதையும் மறக்காதையுங்கோ.

அடுத்தது குளக்கட்டு. படம் எடுக்க நல்ல இடம்தான், பின்னுக்குத் தண்ணி, முன்னுக்கு வயல். ஆனால் கட்டின்ர சரிவில புல்லு நிக்கிறது வடிவுக்கு இல்லை, மண்ணைப் பிடிச்சு வைச்சிருக்க. கட்டை டயர் ஏறி இறங்கி அந்தப் புல்லைக் கிழிச்சால் ஒரு தடம் விழும். முதல் மழைக்கு அந்தத் தடத்தால தண்ணி ஓடும். அடுத்த மழைக்கு அது வாய்க்காலாகும். குளம் வான் பாயிற நாளில கட்டின்ர பலவீனமான இடம் அதுவாத்தான் இருக்கும். வயல் வரம்பும் அப்பிடித்தான். நாங்கள் பத்து நிமிசம் விளையாடிற இடத்தை ஒரு கமக்காரன் ஒரு நாள் நிண்டு மண்வெட்டியால கட்டவேணும். கமக்காரர் அமைப்புக்காரர் எங்களைக் கண்டால் பேசுறதில பிழை இல்லை. ஏறி விளையாட மேடு வேணும் எண்டால் கட்டை விட்டிட்டுக் கேட்டு ஒரு தரிசு நிலத்தைத் தேடுங்கோ.

'அப்ப முழுக்கட்டை டயரே வேண்டாமோ?' எண்டு கேக்கிறவைக்கு: வேணும், அதுக்கும் ஆக்கள் இருக்கினம். தார் றோட்டில ஓடாத பைக், போட்டிக்குப் பழகிற பைக், மாரி முழுக்கக் களிக்குள்ள நிக்கிற பைக், அதுகளுக்கு அதுதான் டயர். அந்த ஆக்களுக்குத் தங்கட கிழமைக் கணக்கு எண் தானே சொல்லும். எங்கட கதை மிச்சப் பேருக்கு.

டயர் மாத்தின பிறகும் ரெண்டு வேலை மிச்சம். புது டயரின்ர மேல வழுவழுப்பு இருக்கும், முதல் நூறு, நூற்றைம்பது கிலோமீற்றருக்கு வளைவில சரிக்காமல் மெதுவாப் போங்கோ. கழட்டின பழைய டயரைக் கராஜுக்குப் பின்னால எறிஞ்சு விடாதையுங்கோ. மழைத்தண்ணி நிண்டு டெங்கு நுளம்பு பெருகிற இடம் அது. ஓட்டை போட்டுத் தண்ணி நிக்காமல் செய்யுங்கோ, இல்லாட்டி எடுக்கிற ஆக்களிட்டக் குடுங்கோ.

உங்கட ஒரு கிழமைக் கணக்கை எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ: எத்தினை கிலோமீற்றர் தார், எத்தினை கிலோமீற்றர் மண், எந்த ஊர், எந்த மாசம். ஓமந்தைப் பொடியனுக்கும் கொக்கிளாய்ப் பொடியனுக்கும் செட்டிகுளத்து ரீச்சருக்கும் ஒரே டயர் சரிவராது. யூடியூப்காரருக்கு அது தெரிய வழியில்லை. எங்களுக்குத் தெரியும், எழுதி வைச்சால்.